போன கரண்டும் நிறுத்திய கரண்டும்

மகள்,

செவ்வாய்க்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "நீ படிச்ச புள்ள, யோசிச்சுச் செய்" என்று சொல்லிவிட்டு, சிக்னல் விட்டு விட்டு வருகிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். கல்லடியில் சிக்னலுக்கு என்ன குறை? குறை எனக்குத்தான். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் தெம்பு இப்போது இல்லை. நடுவில் நீ ஒரு கேள்வி கேட்டால் வழக்கம்போல் வேறு கதைக்குத் தாவிவிடுவேன். அதனால் வீங்கிய காலைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது. உன் அம்மாதான் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்ப வேண்டும். அவளும் வாசிப்பாள். வாசிக்கட்டும், அவளுக்கும் இது தெரியாது. நீ வெள்ளிக்கிழமைக்கு முன் வாசித்துவிடு. அன்றைக்குத்தானே அந்தப் படிவத்தில் ஒப்பம் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ சொன்னதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா பார். வருகிற ஞாயிறு உங்கள் பகுதிக்கு மின்தடை என்று அறிவித்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் தொழிற்சாலையின் பெரிய பேனலுக்குள் சூடேறிய இணைப்புகளை இறுக்கிவிடலாம் என்று உன் மேலாளர் நினைக்கிறார். மெயின் சுவிட்சை இறக்கினால் மறுபடி எல்லா இயந்திரத்தையும் ஒன்றொன்றாக எழுப்ப வேண்டும், அது பெரிய அலுப்பு, கரண்ட்தான் இல்லையே, மெயின் கிடந்தபடி கிடக்கட்டும் என்கிறார். இடர் மதிப்பீட்டுப் படிவத்தில் 'மெயின் துண்டிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் சரி போட்டு ஒப்பம் வைக்க வேண்டியது பாதுகாப்பு அலுவலரான நீ. இதையெல்லாம் சொல்லிவிட்டு நீ கேட்டாய்: "நீங்களும் கரண்ட் வெட்டு நேரத்திலதானே அப்பா இந்த வேலையெல்லாம் செஞ்சநீங்க? நசீர் மாமா அவசரப்பட்டு மெயினப் போட்டதாலதான் அவருக்கு அப்பிடி நடந்த. மத்தப்படி ஒண்டும் நடக்கல்லதானே?"

அந்த இடத்தில்தான் எனக்குச் சிக்னல் போனது.

நான் ஐஸ் தொழிற்சாலையில் போர்மனாக இருந்த காலம் முழுக்க ஒரு சொல்லைக் கவனிக்காமலே வாழ்ந்திருக்கிறேன். நம் ஊரில் கரண்ட் 'போகும்', கரண்ட் 'வரும்'. "கரண்ட் போயிட்டு" என்று வீதியெல்லாம் ஒரே குரலில் சொல்வோம். யாரும் அதை அனுப்பவும் இல்லை, அழைக்கவும் இல்லை. பூனைபோல அது தன் பாட்டில் போகிறது, தன் பாட்டில் வருகிறது. வீட்டில் இருப்பவர்கள் அப்படிப் பேசிவிட்டு மெழுகுதிரி தேடலாம். பேனலுக்குள் கை விடுகிறவன் அப்படிப் பேசக் கூடாது. அவன் வாயில் இருக்க வேண்டியது 'நிறுத்தினேன்' என்ற சொல். நிறுத்தியவனுக்குப் பெயர் உண்டு, நிறுத்திய இடம் உண்டு, அவன் விட்டால்தான் மறுபடி வரும். போன கரண்டுக்கு இது ஒன்றும் கிடையாது. இதை உனக்கு நான் முன்பே சொல்லித் தந்திருக்க வேண்டும். எனக்கே தெரிந்தது பிந்தித்தான்.

நீ சுவிட்ச் வகைகளையெல்லாம் புத்தகத்தில் படித்தவள். நான் அவற்றோடு குடும்பம் நடத்தியவன், கொஞ்சம் என் வாயாலும் கேள். பியூஸ் நல்ல மனிதன். தாங்க முடியாதபோது தான் எரிந்து போவான், எரிந்துவிட்டேன் என்று மறைக்கவும் மாட்டான். அவனுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியை முறுக்கிப் போடுகிற நாம்தான் கெட்டவர்கள். வீட்டில் இருக்கிற ட்ரிப் சுவிட்ச் கொஞ்சம் கரண்ட் வழிதவறி ஒழுகினாலே விழுந்துவிடும், மழைக்காலத்தில் அதனிடம் நாம் வாங்காத தொல்லை இல்லை, ஆனால் மனித உயிரை நினைத்துச் செய்யப்பட்டது அது ஒன்றுதான். ஐசொலேற்றர் இருக்கிறதே, சுமை ஓடும்போது அதைத் திறந்தால் நெருப்பைக் கக்கும், சுமையை நிறுத்திவிட்டுத் திறந்தால் இடைவெளியைக் கண்ணுக்கு நேரே காட்டும். பெரிய பிரேக்கர் எந்தச் சுமையையும் வெட்டும் வல்லவன். ஆனால் உள்ளே முனைகள் ஒட்டிக்கொண்டிருந்தாலும் வெளியே கைப்பிடி கீழே இறங்கி நிற்கும் நாளும் உண்டு. அதனால்தான் இறக்கிவிட்டுச் சோதிக்க வேண்டும், பூட்ட வேண்டும், நிலத்தோடு இணைத்துக் கட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு நித்திரையிலும் தெரியும். தெரியாமல் செய்த பிழை என்று நீ என்னை மன்னித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

எங்கள் மெயின் பிரேக்கர் பழையது. வாவிக் காற்றின் உப்பு அதன் ஸ்பிரிங்குகளையும் கொக்கிகளையும் தின்றிருந்தது. ஒருமுறை இறக்கினால் மறுபடி ஏறாது. நானும் எனக்குக் கீழே மின்வேலை செய்த நசீரும் மாறி மாறி நெம்பி, எண்ணெய் விட்டு, கெஞ்சி, ஏசி, ஒரு மணித்தியாலம் போன பிறகுதான் அது மனமிரங்கும். அதற்குள் ஐஸ் இளகும், மீன்காரர் வாசலில் நின்று கத்துவார்கள், மேலாளர் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். புதிய பிரேக்கர் கேட்டு நான் எழுதாமலும் இல்லை. இரண்டு தரம் எழுதிவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பிறகு நாடு முழுக்க நேரம் குறித்து மின்வெட்டு வந்தது. எல்லாரும் சபித்த அந்த வெட்டு எனக்கு வரமாக இருந்தது. மெயினில் கை வைக்கத் தேவையில்லை. கரண்ட் போனதும் பேனலைத் திறப்போம், டெஸ்டரை வைத்துப் பார்ப்போம், எரியாது, வேலையை முடிப்போம், மூடுவோம். வந்ததும் எல்லாம் தானாக ஓடும். என்ன கெட்டித்தனம் என்று வீட்டுக்கு வந்து உங்கள் முன்னால் பீற்றிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. டெஸ்டர் சொல்வது அந்த நிமிடத்தைப் பற்றி மட்டும்தான் என்பதை நான் வசதியாக மறந்திருந்தேன்.

படிவம் எங்களுக்கும் இருந்தது. புத்தகம் புத்தகமாக வரும். நான் திங்கட்கிழமை காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அந்த வாரத்துக்கு வேண்டியதில் ஒப்பம் வைத்துவிடுவேன். 'மெயின் துண்டிக்கப்பட்டது' சரி. 'பூட்டுப் போடப்பட்டது' சரி. அதற்கென்று தந்த சிவப்புப் பூட்டு என் சைக்கிளில் தொங்கியது, நீயே பார்த்திருக்கிறாய். 'நடக்கக்கூடிய வாய்ப்பு' என்ற இடத்தில் எப்போதும் ஒன்று. 'நடந்தால் பாதிப்பு' என்ற இடத்தில் ஐந்து. பெருக்கினால் ஐந்து, பச்சைக் கட்டம், வேலை செய்யலாம். அந்த ஒன்றை எங்கிருந்து எடுத்தேன் என்று கேட்டால், இதுவரை நடக்கவில்லை என்பதிலிருந்து எடுத்தேன். இதுவரை நடக்கவில்லை என்பதை நடக்காது என்று வாசித்த ஆள் நான் ஒருவன் மட்டும் அல்ல என்பது தெரியும், ஆனாலும் என் கதையைத்தான் நான் சொல்லலாம். இன்னொன்றும் உண்டு. மின்வெட்டு நேர அட்டவணையைப் பேனல் கதவில் ஒட்டியிருந்தேன். தாள் நீளமாக இருந்ததால் அடியை உள்பக்கம் மடித்து ஒட்டினேன். குறித்த நேரத்துக்கு முன்பும் மின் வழங்கப்படலாம், இணைப்புகளை எப்போதும் மின் உள்ளவையாகவே கருதவும் என்று அந்த மடிப்புக்குள் எழுதியிருந்தது.

அது நடந்த அன்று பின்னேரம் நசீர் பேனலைத் திறந்துகொண்டு கேட்டான், "மச்சான், மெயின இழுத்து நிப்பாட்டிட்டியா?" நான் வெளியே போய்க்கொண்டிருந்தேன். கதிரவெளியிலிருந்து வந்த லொறிக்காரர் தங்களுக்கு முன் வேறு ஆளுக்கு ஐஸ் போட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கு நின்றார்கள். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன், "கரண்ட் போயிட்டுதானேடா. ஆறு மணிக்குத்தான் வரும். நீ இறுக்கு." அவன் "ஓம் மச்சான்" என்றான். என் சொல்லை நம்பித்தான் கையை விட்டான். அஞ்சரைக்கு முன்னமே கரண்ட் வந்துவிட்டது. ஸ்பானர் இரண்டு செப்புப் பட்டைகளுக்கு நடுவில் இருந்திருக்கிறது. நான் கேட்டது ஒரு சத்தம் மட்டும். ஓடிப் போய்ப் பார்த்ததை நான் எழுத மாட்டேன். அவனுடைய வலது கையும் இடது கண்ணும் என்ன ஆயின என்பது உனக்குத் தெரியும், வைத்தியசாலைக்கு நீயும் வந்தாய்.

உனக்குத் தெரியாதது அதற்குப் பிறகு நடந்தது. வெடிப்பில் பிரேக்கர் தானாக விழுந்து கிடந்தது. ஆகவே அதற்கு முன் அது இறக்கப்படாமல் ஓனில் இருந்தது என்பது விசாரிக்க வந்தவர்களுக்கு விளங்கிவிட்டது. ஓனில் போட்டது யார் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. மேசையில் என் படிவம் கிடந்தது. துண்டிக்கப்பட்டது, சரி, ஒப்பம். நான் அதைப் பார்த்தேன். "நான் இழுத்துட்டுத்தான் சேர் வெளிய போன. மறுகா என்ன நடந்த எண்டு எனக்குத் தெரியா" என்று சொன்னேன். வெடித்தபோது பேனல் அறைக்குள் நசீர் மட்டும்தான் இருந்தான். அவன் பெயரை நான் சொல்லத் தேவைப்படவில்லை. இதைவிட அசிங்கமான ஒன்றும் சொல்ல வேண்டும். தமிழன், முஸ்லிம், என் ஆள், உன் ஆள் என்று நானும் அவனும் இருபது வருடத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. ஊர் பற்றி எரிந்த நாட்களில்கூட அவன் காத்தான்குடியிலிருந்து எனக்குப் போன் எடுத்து "வெளிய வராத மச்சான்" என்று சொன்னவன். ஆனால் அந்த மேசைக்கு முன்னால் இருந்தபோது, அங்கே இருந்தவர்கள் யாரை இலகுவில் நம்புவார்கள் என்று என் மனம் ஒரு கணம் எண்ணிப் பார்த்தது. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தேன். நீ அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய், வேலை போனால் உன் படிப்பு என்னாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாட்டு, மகள். நீ இல்லாவிட்டாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். பயந்துவிட்டேன்.

நசீருக்கு வேலை போயிற்று. அவனுடைய கவலையீனம், கவனமில்லாமல் மெயினைப் போட்டான் என்று எழுதி முடித்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு அவனைப் பார்க்கப் போனேன். ஏசுவான், முகத்தில் துப்புவான் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவன் என்ன கேட்டான் தெரியுமா? "மச்சான், மெயின நான் போட்டனா? எனக்கு ஒண்டும் ஞாபகம் வருகுதில்ல." வெடிப்பு அவனுடைய அந்தப் பின்னேரத்தையே அழித்திருந்தது. என்னிடம் கேட்ட கேள்வியும் இல்லை, நான் சொன்ன பதிலும் இல்லை. எனக்கு அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? "ஞாபகம் இல்லாட்டி விடு மச்சான். நடந்தது நடந்து போச்சு" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகும் மாதத்துக்கு ஒருதரம் போய் வந்தேன். பழங்கள் கொண்டு போனேன். எல்லாரும் என்னை நல்ல சிநேகிதன் என்றார்கள்.

நீ உன் பயிற்சிக் காலத்தில் அந்தச் சம்பவத்தையே உதாரணமாக எழுதி, நல்ல புள்ளி கிடைத்ததென்று எனக்கு வாசித்துக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? 'காரணம்: துண்டித்த மெயினைப் பணியாளர் தாமே மீண்டும் இணைத்தமை.' நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். என் பொய் அன்றைக்கே உன் கொப்பிக்குள் குடியேறிவிட்டது, நான்தான் பார்க்க மறுத்தேன். செவ்வாய்க்கிழமை நீ மத்தப்படி ஒண்டும் நடக்கல்லதானே என்று கேட்டபோது, என் பொய்யை வைத்துத்தான் நீ உன் படிவத்தில் ஒன்று என்று போடப் போகிறாய் என்பது விளங்கியது. நடந்ததைச் சரியாக எழுதியிருந்தால் உன் தலைமுறையில் ஒருவரும் அந்த இடத்தில் ஒன்று போட மாட்டார்கள். ஒரு மனிதனைக் கெடுத்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

நேற்று இதுவரை எழுதிவிட்டு நிறுத்தினேன். அவனுக்குச் சொல்லாமல் உனக்குச் சொல்வது சரியில்லை என்று பட்டது. இன்று காலை பஸ் ஏறிக் காத்தான்குடிக்குப் போனேன். நசீர் முன் அறையில் இருந்தான். என்னைக் கண்டதும், "என்ன மச்சான், கால் வீங்கிப் போய்க் கிடக்கு, ஏன் இந்த வெயிலுக்குள்ள வந்த?" என்றான். அவன் மனைவி தேத்தண்ணீர் போட உள்ளே போனாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு கதை தொடங்கிவிடும். "நசீர், அண்டைக்கு மெயின் ஓன்லதான் கிடந்த. நான் இழுக்கவே இல்ல. நீ இழுத்திட்டியா எண்டு கேட்ட, நான்தான் கரண்ட் போயிட்டு, நீ இறுக்கு எண்டு சொன்ன. விசாரணையில பொய் சொன்னன். நீ ஒண்டும் செய்யல்ல."

அவன் "மறுகாச் சொல்லு" என்றான். திரும்பவும் சொன்னேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவன் உள்பக்கம் திரும்பி, பரீட்சையில் பாசான பிள்ளையின் குரலில் மனைவியைக் கூப்பிட்டான். "இஞ்ச வாங்க... இஞ்ச வந்து கேளுங்க. மெயின நான் போடல்லியாம். நான் போடல்லியாம்!" அவன் சிரித்தான், மகள். அவனுடைய நல்ல கண் அழுதுகொண்டிருக்க அவன் வாய் சிரித்தது. அவள் கதவடியில் வந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம் மெதுவாகத்தான் சொன்னாள், "தொழுதிட்டு எழும்பாம இருந்து, எண்ட கையால எண்ட புள்ளைகளுக்கு இப்பிடிச் செஞ்சிட்டனே எண்டு அழுவாரு. எத்தின நாள். நீங்க வந்து வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனீங்க." இன்றைக்குத் தேத்தண்ணீர் வரவில்லை. "மன்னிச்சிரு மச்சான்" என்று நசீரிடம் கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "அத மறுகாப் பாப்பம்" என்றான். "முதல்ல எழுதித் தா. வாயால சொன்னது காணா. எண்ட மகன் என்ன ஒரு பல்பு மாத்தவும் விடுறான் இல்ல, கவலையீனமான மனிசன் எண்டு. அவன் வாசிக்கணும்."

ஆகவே உனக்கென்று தொடங்கிய இந்தக் கடிதம் இப்போது உனக்கு மட்டுமானது அல்ல. இதையே படியெடுத்து நாளை நசீருக்குக் கொடுப்பேன். அன்று விசாரித்த கந்தோருக்கும் ஒரு படி போகும். அவர்கள் என்னை என்ன செய்வார்களோ தெரியாது, யோசிக்கவும் சக்தியில்லை. ஊரில் யார் கேட்டாலும் வாசிக்கக் கொடுக்கச் சொல்லி உன் அம்மாவிடம் சொல்லப் போகிறேன். நீயும் உன் மேலாளரிடம் காட்டு. அப்பாவின் பெயர் கெட்டுவிடும் என்று ஒளிக்காதே. அந்தப் பெயரால் நசீருக்குக் கிடைத்தது போதும்.

ஞாயிற்றுக்கிழமை மெயினை இறக்கச் சொல். இறக்கி, சோதித்து, பூட்டி, திறப்பை வேலை செய்கிறவரின் சட்டைப் பைக்குள் போடச் சொல். அதை உன் கண்ணால் பார்த்த பிறகுதான் சரி போடு. முடியாது என்றால் ஒப்பம் வைக்காதே. வேலையை விட்டு அனுப்பினால் வீட்டுக்கு வா. உன் அறையில் நெல் மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறேன், ஒரு பகலில் எடுத்துவிடலாம். எனக்கு உன்னைப் பற்றிப் பயமாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். உனக்கு அடிபடும் என்ற பயம் அல்ல. என்னைப்போல நீயும் நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டே இருந்துவிடுவாயோ என்ற பயம்.

ஒன்று மட்டும் கேட்க மறந்துவிட்டேன். பேனலைப் பற்றிச் சொன்னாய், மேலாளரைப் பற்றிச் சொன்னாய், படிவத்தைப் பற்றிச் சொன்னாய். பேனலுக்குள் கையை விடப் போகிற ஆளின் பெயரை நீ சொல்லவே இல்லை. படிவத்திலும் அதற்கு ஒரு கட்டம் இருக்காது. நாளைக்கு அவரிடம் போய்ப் பெயரைக் கேள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றும் கேள். அதற்குப் பிறகு பேனாவை எடு.

அப்பா